இறக்கத்தில் செயின் கழன்று விழுகிறது, என்ன செய்யலாம்?

மூன்று வாரமாக ஒரே தொல்லை. சரளை ரோட்டில் இறங்கும்போது என் கிராவல் பைக்கின் (சரளை ரோட்டுக்கான சைக்கிள்) செயின் முன் பல்சக்கரத்திலிருந்து உள்பக்கமாகக் கழன்றுவிடுகிறது.

2019 மாடல், முன்னால் ஒரே சக்கரம், 42 பல், பின்னால் 11 கியர், டயர் 40 மி.மீ.

ஓட்டுவது அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கார்னிஷ் ஊர்ப் பக்கம். டிங்கிள்டன் ஹில் மூடுபாலத்தை (கூரையும் சுவரும் உள்ள மரப்பாலம்) தாண்டி ஏறும்போது ஒரு சத்தமும் இல்லை. திரும்பி இறங்கும்போது, அலை அலையாகக் கிடக்கும் சரளையில் மிதிக்காமல் சின்ன கியரில் உருண்டால் போதும், கழன்றுவிடும். போன ஞாயிறு கனெக்டிகட் ஆற்றின் மேல் 1866-இல் கட்டிய கார்னிஷ்–வின்ட்சர் மூடுபாலத்துக்குள் நுழைந்த பிறகுதான் பெடல் சும்மா சுற்றுவதே தெரிந்தது. அந்த மர இருட்டில், பின்னால் கார் வந்துகொண்டிருக்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே எதிரே வெர்மான்ட் மாநிலக் கரைக்குப் போனேன், உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

செயின் புதிது, மாற்றி 300 கி.மீ. கூட ஆகவில்லை. நீளம் சரிபார்த்தாயிற்று. டீரெய்லர் (பின்னால் கியர் மாற்றும் கருவி) தொங்கும் ஹேங்கரைக் கடையில் நிமிர்த்தினார்கள். செயின் தளர்ந்து ஆடாமல் டீரெய்லரை இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் ஆனில்தான் இருக்கிறது, ஆனால் டீரெய்லரில் செயின் ஓடும் கூண்டைக் கையால் தள்ளினால் லேசாகவே நகர்கிறது. முன் பல்சக்கரம் மட்டும் பழையது, சுமார் 6,000 கி.மீ. ஓடியது, பல்லின் நுனி கூராகத் தெரிகிறது.

முதலில் எதை மாற்றட்டும், பல்சக்கரத்தையா, கிளட்சையா?