மலேசியாவின் சித்தியவானில் நல்ல சிவப்பு அரிசி ஒயின் எங்கே வாங்கலாம்?

வணக்கம் உறவுகளே. தஞ்சாவூர்க்காரன். ஆயர் தாவார் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை, இரண்டு வருடமாகிறது.

போன வாரம் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஒரு கிண்ணம் கோழி மீ சுவா (மெல்லிய கோதுமை நூடுல்ஸ் சூப்) கொடுத்தார். அவர் மருமகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. நம் ஊர் பத்தியச் சாப்பாடு மாதிரி அவர்களுக்கு அது. சாறு செக்கச்செவேலென்று இருந்தது. முதலில் நீராகார வாசம், அப்புறம் இஞ்சிக் காரம், தொண்டையில் இறங்கும்போது மெல்லிய இனிப்பு. விசாரித்தால், 1903-இல் இங்கே குடியேறிய பூச்சோவ் சீனர்களின் கைப்பக்குவமாம். சாற்றில் சேர்ப்பது, பசையரிசியையும் சிவப்புப் பூஞ்சை ஏற்றிய அரிசியையும் ஜாடியில் ஊறவிட்டு எடுக்கும் ஒயின்.

ஆசையாகக் கடையில் ஒரு பாட்டில் வாங்கினேன். வெறும் சர்க்கரைத் தண்ணீர்! மனசே விட்டுப்போச்சு.

கம்போங் கோ பக்கம் வீட்டுப் பக்குவத்தில் விற்கும் கடை யாருக்காவது தெரியுமா? நல்லதை நிறம் பார்த்துச் சொல்ல முடியுமா, வாசனை பார்த்தா? பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அப்பாவுக்கு ஒரு பாட்டில் கொண்டுபோக வேண்டும். திறக்காமல் வைத்தால் எத்தனை நாள் புளிக்காமல் இருக்கும்? அடியில் தங்கும் சிவப்பு மண்டியைக் கோழிக்குப் பிரட்டுவார்களாமே, அதுவும் தனியாகக் கிடைக்குமா? தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.