நீர்த்தேக்கத்தில் நீந்த ஏற்ற பருவம் எது? பலகையில் எழுதியிருக்கும் வெப்பநிலையை மட்டும் நம்பலாமா?

கேள்வி: குளத்துமீன்

அனைவருக்கும் வணக்கம். நீச்சல்குளத்தில் நெடுங்காலமாக நீந்திப் பழகிய நான், நீந்த அனுமதியுள்ள ஒரு நீர்த்தேக்கத்தில் இந்தக் கோடை முதல் தொடர்ந்து நீந்தலாம் என்று எண்ணியிருக்கிறேன். கரையிலுள்ள பலகையில் 21 டிகிரி செல்சியஸ் என்று எழுதியிருந்த ஒரு பிற்பகலில் இறங்கினேன். படுத்து நீந்தும்வரை நீர் இதமாகவே இருந்தது. நிமிர்ந்து கால்களைக் கீழே விட்டதும் கணுக்கால் வெடவெடத்துப் போயிற்று. அடுத்த வாரம், வெயில் சிறிதும் குறையாத நிலையில், கரையோர நீர் முழுவதுமே ஒரே இரவில் சில்லிட்டுக் கிடந்தது. இதற்கெல்லாம் என்ன காரணம்? எந்த மாதங்களில் நீந்துவது நல்லது, எத்தனை டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: அலையளப்பான்

நீங்கள் கண்ட இரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதால் தனித்தனியாகவே சொல்கிறேன்.

குளிர்காலம் முடியும் தறுவாயில் ஆழமான நீர்த்தேக்கம் மேலிருந்து அடிவரை ஏறத்தாழ ஒரே குளிரில் இருக்கும். வெயில் ஏற ஏற மேல்நீர் மட்டும் சூடாகி, சூடான நீர் அடர்த்தி குறைந்தது என்பதால் கீழே இறங்காமல் மேலேயே தங்கிவிடுகிறது. காற்று கலக்கக்கூடிய ஆழம்வரை ஒரு வெதுவெதுப்பான அடுக்கும், அதன் கீழே மீட்டருக்கு ஒரு டிகிரியோ அதற்கு மேலோ சரிந்து செல்லும் இடையடுக்கும், அதற்கும் கீழே கோடை முழுவதும் குளிர் மாறாத ஆழ்நீரும் உருவாகின்றன. இடையடுக்கைத்தான் தெர்மோகிளைன் என்கிறார்கள். ஆனால் கோடை நடுவில் அது பெரும்பாலும் பல மீட்டர் ஆழத்தில் இருக்குமாதலால், உங்கள் கணுக்கால் தொட்டது அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு. காற்றே இல்லாத வெயில் நாளின் பிற்பகலில், மேலே ஓர் அரை மீட்டர் அளவுக்கு மெல்லிய சூட்டுப் படலம் தனியாக உருவாகும். பலகையில் எழுதப்பட்ட 21 டிகிரி அந்தப் படலத்தின் கணக்காக இருந்திருக்கலாம். இரவில் மேல்நீர் குளிர்ந்து கீழிறங்குவதாலும் காற்றின் கலக்கலாலும் அது கலைந்துவிடுவதால், அதிகாலையில் எடுக்கும் அளவுதான் நம்பத்தகுந்தது.

இரண்டாவது நிகழ்வுக்குக் காரணம் பெரும்பாலும் காற்று. நீங்கள் இறங்கும் கரையிலிருந்து எதிர்க்கரை நோக்கி இரவு முழுவதும் பலமாக வீசினால், மேலே இருக்கும் சூடான நீரை அது அப்படியே எதிர்க்கரைக்குத் தள்ளிவிடும். அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் உங்கள் பக்கம் மேலெழும். ஆகவே வானிலை அறிக்கையில் நாம் வழக்கமாகப் பார்க்கும் வெயிலைவிட, முந்தைய ஓரிரு நாள்களின் காற்றுத் திசையைப் பார்ப்பதே பயனுள்ளது.

மாதங்களைப் பொறுத்தவரை, நீர் மெதுவாகச் சூடாகி மெதுவாகவே ஆறும். குளிர் மிகுந்த நாடுகளில் மேல்நீரின் உச்ச வெப்பம் ஆண்டின் மிக நீண்ட பகலுக்குச் சில வாரங்கள் கழித்தே வரும். கோடைத் தொடக்கத்தைவிடக் கோடை முடிவே நீந்த உகந்தது என்பது என் கருத்து.

மறுமொழி: துடுப்பு

எத்தனை டிகிரி என்ற கேள்விக்கு வருகிறேன். உலக நீர்விளையாட்டுக் கூட்டமைப்பின் திறந்தவெளி நீச்சல் விதிகள் 16 டிகிரியைக் கீழெல்லையாகவும் 31 டிகிரியை மேலெல்லையாகவும் வைத்திருக்கின்றன. 18 டிகிரிக்குக் கீழே குளிர்காப்பு உடை கட்டாயம். போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பு, பாதையின் நடுவே, 40 சென்டிமீட்டர் ஆழத்தில் அளக்க வேண்டும் என்று எங்கே எப்படி அளப்பது என்பதையும் அவ்விதியே சொல்லிவிடுவதைக் கவனியுங்கள். கரையோர ஆழமற்ற நீரில் தெர்மாமீட்டரை நனைத்து எடுக்கும் அளவுக்கு அவ்வளவு மதிப்பில்லை.

ஏறத்தாழ 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் திடீரென இறங்கினால், தோல் சட்டென்று குளிர்வதால் நம்மையறியாமல் மூச்சு வாரியிழுக்கும். தலை அப்போது நீருக்குள் இருந்தால் அந்த ஒரு மூச்சே போதும் ஆபத்துக்கு. இந்த அதிர்ச்சி முதல் இரண்டு மூன்று நிமிடங்களில் தணிந்துவிடும் என்பதால், அதுவரை மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொண்டு, பிறகே நீந்தத் தொடங்க வேண்டும். அதையும் தாண்டினால், குளிரைப் பொறுத்துப் பத்து நிமிடம் முதல் அரை மணிக்குள் கைவிரல்களும் தோள்தசையும் வலுவிழக்கின்றன. உடலின் உள்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கப் பெரும்பாலும் அரை மணிக்கு மேலாகும். எல்லோரும் அஞ்சுவது அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். உயிர்கள் போவதோ பெரும்பாலும் முதல் இரண்டில்.

கரையேறிய பிறகும் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே போகும். எனவே உடனே ஈரம் துவட்டி உடுத்திக்கொள்ளுங்கள். வெந்நீர்க் குளியலைத் தள்ளிப்போடுங்கள்.

குளத்துமீன்:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னொரு ஐயம்: இயற்கை ஏரிக்கும் அணை கட்டித் தேக்கிய நீருக்கும் நீந்துபவரைப் பொறுத்தவரை வேறுபாடு உண்டா? கோடை முடிவில் நீர்மட்டம் வெகுவாக இறங்கிவிடுகிறது.

மறுமொழி: மதகடி

நிறையவே உண்டு. ஏரியின் கரை ஏறத்தாழ நிலையானது. நீர்த்தேக்கத்தின் கரையோ பாசனத்துக்கும் மின்னாக்கத்துக்கும் நீர் திறப்பதைப் பொறுத்து நகர்ந்துகொண்டே இருக்கும். சென்ற மாதம் தலைக்கு மேல் நீர் நின்ற இடத்தில் இன்று இடுப்பளவு நீரும் அதன் கீழே முழங்கால் புதையும் வண்டலும் இருக்கலாம். தேக்கத்தில் மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள் நீர்ப்பரப்புக்குச் சற்றே கீழே வந்து நிற்கும். பழகிய இடம்தானே என்று தலைகீழாகப் பாய்வது எந்தப் பருவத்திலும் கூடாது. மதகு, நீர் எடுக்கும் கோபுரம், உபரிநீர் வழியும் கலிங்கு ஆகியவற்றின் அருகே மேற்பரப்பு அசையாமல் தெரிந்தாலும் கீழே இழுப்பு இருக்கும். அங்கே மிதவைச் சங்கிலி கட்டியிருந்தால், அதைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம் என்ற எண்ணம்கூட வேண்டாம். அணைக்குக் கீழே ஆற்றில் இறங்குபவர்களும் கவனிக்க வேண்டும்: அடிமதகு வழியாக வருவது ஆழத்து நீர் என்பதால், கடுங்கோடையிலும் அது நடுங்க வைக்கும்.

கோடை முடிவே உகந்தது என்று அலையளப்பான் சொன்னதில் ஒரு திருத்தம். சூடான, அசையாத, உரச்சத்து சேர்ந்த நீரில் நீலப்பச்சைப் பாசி பெருகுவதும் அதே காலத்தில்தான். பச்சை வண்ணப்பூச்சைக் கொட்டியது போன்ற படலமோ, கரையில் ஒதுங்கிய ஏடோ தெரிந்தால், வெப்பநிலை எவ்வளவு உகந்ததாக இருந்தாலும் இறங்காதீர்கள். சிலவகைப் பாசிகளின் நஞ்சு கல்லீரலைத் தாக்கும். காய்ச்சினாலும் அது நீங்காது. இலையுதிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து அடுக்குகள் ஒன்றாகக் கலக்கும்போது, சில நாள்கள் நீர் கலங்கி அழுகிய முட்டை நாற்றம் வீசக்கூடும். அது அடிநீரில் தேங்கிய வாயு.

மறுமொழி: அலையளப்பான்

திருத்தத்தை ஏற்கிறேன். வெப்ப நாடுகளில் இருப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். அங்கே மேலுக்கும் அடிக்கும் சில டிகிரி வேறுபாடே இருந்தாலும் அடுக்கு உறுதியாக நிற்கும். 25 டிகிரிக்கு மேல் ஒரு டிகிரி கூடும்போது நீரின் அடர்த்தி குறையும் அளவு, 4 டிகிரிக்கு அருகில் குறைவதைவிடப் பல மடங்கு அதிகம். அத்தகைய இடங்களில் குளிரைவிடச் சூடுதான் கவலை. 30 டிகிரியைக் கடந்த நீரில் நெடுந்தொலைவு நீந்தினால் உடல்வெப்பம் வெளியேற வழியின்றி ஏறும். மூக்கு வழியாக மூளைக்குச் செல்லும் நெக்லீரியா அமீபாவும் சூடான நன்னீரையே விரும்புவது. நோய் மிக அரிது, வந்தால் பிழைப்பது அதைவிட அரிது. மூக்கை அடைக்கும் கவ்வியை அணிவதும், அடிச்சேற்றைக் கிளறாமல் இருப்பதும் ஆபத்தைக் குறைக்கும் முன்னெச்சரிக்கைகள்.

குளத்துமீன், அடுத்த முறை தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி, சிறு எடை சேர்த்து, மேற்பரப்பிலும் ஒரு மீட்டர் ஆழத்திலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் மூன்று நான்கு டிகிரி வேறுபாடு இருந்தால், கீழே கிடைத்த எண்ணை வைத்தே உடையையும் நேரத்தையும் தீர்மானியுங்கள்.