மேற்கிலிருந்து மியூயான் கூடுதலாக வருகிறது. அப்படியானால் காஸ்மிக் கதிர்களின் ஊர் எது?

இரட்டைத்தகடு:

வணக்கம். ஏழு மாதங்களாக ஒரு மியூயான் மானியை வைத்து அளந்துகொண்டிருக்கிறேன். விண்வெளியிலிருந்து வரும் வேகத் துகள்களான காஸ்மிக் கதிர்கள் உயரே காற்றில் மோதும்போது பிறந்து தரைவரை வரும் நுண்துகள்தான் மியூயான். 5 சென்டிமீட்டர் சதுரத்தில் துகள் பட்டால் மின்னும் இரண்டு சின்டிலேட்டர் தகடுகள், நடுவே 10 சென்டிமீட்டர் இடைவெளி. ஒரே துகள் இரண்டையும் துளைத்துச் சென்றால் மட்டும் எண் ஒன்று ஏறும். சட்டத்தைச் சாய்த்து வானத்தின் எந்தப் பக்கத்தையும் பார்க்க வைக்கலாம். நேர் மேலே பார்த்தால் நிமிடத்துக்கு இரண்டோ மூன்றோ. 45 டிகிரி சாய்த்தால் ஏறக்குறையப் பாதி. சாய்வாக வரும் மியூயான் அதிகக் காற்றைக் கடக்க வேண்டும், ஆகவே குறைகிறது. இது புரிகிறது.

பிறகு ஓர் ஆசையில், ஒருநாள் விட்டு ஒருநாள் மேற்கும் கிழக்குமாகத் திருப்பி வைத்து, 20 இரவுகள், இரவுக்கு 8 மணி நேரம் எண்ணினேன். சாய்வு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் மேற்கே தெளிவாகக் கூடுதல். தகடுகளை இடம் மாற்றிப் பார்த்தேன், சட்டத்தின் கோணத்தை மறுபடி அளந்தேன். கூடுதல் அப்படியே இருக்கிறது.

வானம் சுழன்றுகொண்டிருக்கிறது. மேற்கில் இருக்கும் நட்சத்திரங்கள் மணிக்கு மணி மாறுகின்றன. பிறகு மேற்கில் என்ன இருக்கிறது? இன்னொன்று: காஸ்மிக் கதிர்கள் மின்னூட்டம் உள்ளவை, வழியெல்லாம் காந்தப்புலத்தில் வளைகின்றன என்கிறார்கள். அப்படி வளைந்து வந்த ஒன்றின் திசையைப் பார்த்து ஊரை எப்படிச் சொல்ல முடியும்? 2021இல் பிடிபட்ட அமதெராசு என்ற துகள் வெற்றிடத்திலிருந்து வந்தது என்று படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மழைக்கணக்கன்:

முதலில் உங்கள் மேற்கு. அது பூமியின் வேலை. 1933இல் மெக்சிகோ நகரில் லூயிஸ் ஆல்வரெஸும் ஆர்தர் காம்ப்டனும் கண்டதைத்தான் நீங்கள் உங்கள் இரண்டு தகடுகளில் கண்டிருக்கிறீர்கள். அதே ஆண்டில் தாமஸ் ஜான்சனும் தனியாக அளந்தார். நேர்மின்னூட்டத் துகள் கிழக்கிலிருந்து நுழைய வேண்டுமானால், மேற்கிலிருந்து நுழைவதைவிட அதிக ஆற்றல் வேண்டும். பூமியின் காந்தப்புலம் அப்படி வடிகட்டுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி இந்த வேறுபாடு கூடும். காஸ்மிக் கதிர்கள் காமா கதிர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று மில்லிகன் போன்ற பெரியவர்கள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. மேற்கில் கூடுதல் என்ற அந்த ஒரே அளவீடு, வருபவற்றில் பெரும்பாலானவை நேர்மின்னூட்டம் கொண்ட துகள்கள் என்று காட்டிவிட்டது. 20 இரவு விழித்து எண்ணிய உங்களுக்கு அந்த எண்ணின் அருமை தெரியும்.

இனி ஊர். உங்கள் தகடுகளைத் துளைக்கும் மியூயான்களின் மூதாதைகள் ஆற்றல் மிகக் குறைந்தவை. அவற்றை விடுங்கள். அவற்றைவிடப் பல மடங்கு ஆற்றலோடு, ஒன்றுக்குப் பின் 15 பூச்சியம் போட்ட எலெக்ட்ரான் வோல்ட்டில் வரும் புரோட்டானை எடுத்துக்கொள்வோம். பால்வெளி மண்டலத்தின் காந்தப்புலம் பூமியின் புலத்தில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் அந்தப் புரோட்டானை ஏறக்குறைய ஓர் ஒளியாண்டு ஆரத்தில் சுழல வைத்துவிடும். அருகிலுள்ள நட்சத்திரமே 4 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. இப்படிச் சுழன்று சுழன்று வந்த துகளிடம் திசை கேட்பதில் பயனில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வானத்தின் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும்.

இன்னும் மேலே போவோம். ஒன்றுக்குப் பின் 18 பூச்சியம் என்பதை 1 எக்சா என்போம். 10 எக்சா புரோட்டான் சுழலும் ஆரம் ஏறக்குறைய 12,000 ஒளியாண்டு. நம் மண்டலத்தின் தட்டு இதைவிட மிக மெல்லியது. இவ்வளவு ஆற்றல் கொண்டதை நம் மண்டலத்தால் கட்டி வைத்திருக்க முடியாது. இங்கேதான் திசை பேசத் தொடங்குகிறது.

ஆனால் இவை மிக அரிது. 100 எக்சாவுக்கு மேற்பட்டது ஒரு சதுர கிலோமீட்டரில் நூற்றாண்டுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் விழும். அதற்காகத்தான் அர்ஜென்டினாவில் மலார்குவே அருகே 3,000 சதுர கிலோமீட்டரில் 1,600க்கும் மேற்பட்ட தண்ணீர்த் தொட்டிகளை, ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒன்றாக வைத்தார்கள். பியேர் ஓஷே ஆய்வகம் என்று பெயர். ஒவ்வொரு தொட்டியிலும் 12,000 லிட்டர் தூய நீர். உயரே மோதிய ஒரு துகள் கோடிக்கணக்கான துகள்களாகப் பெருகி, மெல்லிய தட்டுப்போலத் தரைக்கு இறங்குகிறது. இதைத்தான் துகள் மழை என்கிறோம். நீரைத் துளைக்கும்போது எழும் செரன்கோவ் ஒளியைத் தொட்டிக்குள் இருக்கும் மூன்று ஒளிக்குழாய்கள் பார்க்கின்றன. தட்டு சாய்ந்து இறங்கினால் ஒரு தொட்டியில் முந்தியும் அடுத்ததில் பிந்தியும் படும். 30 டிகிரி சாய்வென்றால், அந்தச் சாய்வின் போக்கில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தொட்டிகளுக்கு இடையே 2,500 நானோ விநாடி வித்தியாசம். திசை என்பது முழுக்க முழுக்க இந்த நேரக் கணக்கு.

இதை நான் கையால் உணர்ந்திருக்கிறேன். ஆய்வு மாணவனாக, இப்படி மானிகளை வரிசையாக வைத்த ஒரு சிறிய அமைப்பில் வேலை பார்த்தபோது, சில வாரங்களுக்கு வானமே ஒரு பக்கம் சாய்ந்ததுபோலத் தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் மழை அதிகம்! பதிவேடுகளைப் புரட்டினோம், ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் தரையில் முழங்காலிட்டுக் கேபிள்களை ஒவ்வொன்றாக அளந்தேன். ஒரு மானியின் கேபிளை மாற்றியிருந்தார்கள். புதியது 4 மீட்டர் நீளம் கூடுதல், பதிவேட்டில் ஏறவில்லை. மீட்டருக்கு 5 நானோ விநாடி, ஆக 20 நானோ விநாடி தாமதம். எங்கள் மானிகள் நெருக்கமாக இருந்ததால் அது போதும், விழுந்த மழையெல்லாம் சாய்ந்துவிட. அன்றிலிருந்து யார் ‘இந்தத் திசையில் கூடுதல்’ என்றாலும் என் முதல் கேள்வி கேபிளைப் பற்றித்தான்.

ஆகவே 2017இல் ஓஷே குழு அறிவித்ததை எவ்வளவு கவனமாகப் படித்தேன் என்று சொல்லத் தேவையில்லை. 8 எக்சாவுக்கு மேற்பட்ட 30,000க்கும் அதிகமான நிகழ்வுகள். வானத்தின் ஒரு பக்கம் சராசரியைவிட 6.5 விழுக்காடு கூடுதல், நேர் எதிர்ப்பக்கம் அதே அளவு குறைவு. தற்செயலாக இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு, அந்த உறுதியை அளக்கும் கணக்கில் ஐந்து சிக்மாவைத் தாண்டியது. அந்தக் கூடுதல் எங்கே தெரியுமா? பெருநாய் விண்மீன் கூட்டத்தில், சிரியஸ் பிரகாசிக்கும் பக்கம். நம் மண்டலத்தின் மையமோ தனுசில் இருக்கிறது, அங்கிருந்து 125 டிகிரி தள்ளி. இந்தத் துகள்கள் பால்வெளியில் பிறந்தவையாக இருந்தால் மையத்தின் பக்கமோ தட்டின் வழியாகவோ குவிந்திருக்க வேண்டும். குவியவில்லை. அவை வெளியூர்.

என்னைக் கேட்டால், இந்த நூறாண்டுத் தேடலில் திசையைக் கொண்டு நாம் உறுதியாகப் பெற்ற பதில் இது ஒன்றுதான்.

வடமீன்:

மழைக்கணக்கன் ஐயா, ஒன்றுதான் என்பது கொஞ்சம் கடுமையாக இல்லையா? அமெரிக்காவின் யூட்டாவில் இதே வேலை செய்யும் டெலஸ்கோப் அரே குழு 2014இல் சப்தரிஷி விண்மீன் கூட்டத்தை ஒட்டி ஒரு குவியலைக் காட்டியது. 57 எக்சாவுக்கு மேற்பட்ட 72 நிகழ்வுகளில் 19, வெறும் 20 டிகிரி ஆரமுள்ள வட்டத்துக்குள். சமமாகப் பரவியிருந்தால் நான்கைந்துதான் வர வேண்டும். மெஸ்ஸியே 82 அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பால்வெளியைப் போன்ற இன்னொரு மண்டலம் அது, நட்சத்திரங்கள் அங்கே பெருவேகத்தில் பிறக்கின்றன. 2018இல் ஓஷே குழுவே அத்தகைய மண்டலங்களோடு நான்கு சிக்மா பொருத்தம் சொன்னதே?

மழைக்கணக்கன்:

நியாயமான கேள்வி. நீங்கள் சொன்ன எண்கள் சரி. நான் தயங்குவதற்குக் காரணம் 2007.

அந்த நவம்பரில் ஓஷே குழு 27 நிகழ்வுகளை வெளியிட்டது. அவற்றில் 20, மையக் கருந்துளை பொருளை விழுங்கிக்கொண்டிருக்கும் அருகிலுள்ள மண்டலங்களுக்கு 3.1 டிகிரிக்குள் விழுந்திருந்தன. அந்தப் படத்தை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டினேன். ஊர் தெரிந்துவிட்டது என்று வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். 2010இல் நிகழ்வுகள் 69 ஆனபோது பொருத்தம் 38 விழுக்காட்டுக்கு இறங்கியது. தற்செயலாகவே 21 விழுக்காடு வரும். படத்தை நான் கிழிக்கவில்லை. பக்கத்திலேயே புதியதையும் ஒட்டினேன். சிறு எண்ணிக்கையில் தெரியும் குவியல் எவ்வளவு அழகாக இருக்கும் என்பதற்கு இரண்டும் சாட்சியாக அங்கேயே இருந்தன.

சப்தரிஷிக் குவியலும் அடுத்து வந்த தரவுகளில் வலுப்பெறவில்லை. தெற்கு வானத்தில் சென்டாரஸ் ஏ பக்கம் இருக்கும் கூடுதலை நான் மதிக்கிறேன். சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் மண்டலம் அது, மையத்திலிருந்து பெரும் பீச்சுகள் எழுகின்றன. ஆனால் என்ஜிசி 4945, மெஸ்ஸியே 83 என்ற இரண்டும் அதே பக்கம்தான் இருக்கின்றன. வளைந்து வரும் துகளை வைத்து இம்மூன்றில் எது என்று பிரிக்க முடியாது.

வளைவு எவ்வளவு என்பதுதான் உயிர்நாடி. ஆற்றல் கூடக் கூட வருபவை புரோட்டானிலிருந்து கனமான அணுக்கருக்களாக மாறுகின்றன என்று ஓஷே தரவுகள் காட்டுகின்றன. இரும்புக் கரு என்றால் மின்னூட்டம் 26. அதே ஆற்றலில் புரோட்டானைவிட 26 மடங்கு வளையும். இரட்டைத்தகடு கேட்ட அமதெராசு விஷயமும் இங்கேதான் வருகிறது. 2021 மே 27, 244 எக்சா. ஒரு கிலோ கல்லை 4 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் தரையில் மோதும்போது இருக்கும் ஆற்றல், ஒரே அணுக்கருவுக்குள்! விண்வெளியை நிரப்பியிருக்கும் நுண்ணலைப் பின்னணியில் மோதி இத்தகையவை ஆற்றலை இழந்துவிடும் என்று 1966இலேயே கிரைசனும், தனியாகச் சட்செபினும் குஸ்மினும் கணக்கிட்டார்கள். ஆக வெகு தொலைவிலிருந்து வந்திருக்க முடியாது. அருகிலோ, அது காட்டும் திசையில் மண்டலங்களே அரிதான பெருவெளி. வெற்றிடத்தில் பிறந்தது என்று இதற்குப் பொருளில்லை. கனமான கருவாக இருந்து வேறு திசையிலிருந்து வளைந்து வந்திருக்கலாம். ஒரே ஒரு துகளிடம் ஊர் கேட்டால் இதற்கு மேல் சொல்லாது.

நிலாமுற்றம்:

வளையாத தூதர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூட்ரினோ என்ற நுண்துகளுக்கு மின்னூட்டம் இல்லை, நேராக வரும். 2022இல் ஐஸ்கியூப் குழு தென்துருவப் பனிக்கட்டியில் என்ஜிசி 1068 மண்டலத்திலிருந்து 79 நியூட்ரினோக்கள் அளவுக்குக் கூடுதல் கண்டது. நியூட்ரினோ பிறக்க வேண்டுமென்றால் அங்கே புரோட்டான்கள் முடுக்கப்பட்டிருக்க வேண்டும். நாம் பேசும் எக்சா அளவு ஆற்றல் இல்லை, ஆனாலும் முகவரியோடு வந்த கடிதம்.

இரட்டைத்தகடு:

அனைவருக்கும் நன்றி. மேற்கின் விடை கீழே, என் காலடியில் இருந்திருக்கிறது. மழைக்கணக்கன் ஐயா, கேபிள் கதையைப் படித்ததும் எழுந்து போய் என் இரண்டு கேபிள்களையும் அளந்தேன். ஒரே நீளம்தான்.

ஒரே ஒரு கேள்வி. என் மானியால் அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதல் குறைவைப் பார்க்க முடியுமா?

மழைக்கணக்கன்:

உங்கள் தகட்டின் அளவில் முடியாது. ஆயிரத்தில் ஒரு பங்கைக் காணப் பத்து லட்சம் எண்ணிக்கைதான் தொடக்கமே, நம்பிச் சொல்ல அதற்கும் பல மடங்கு வேண்டும். அதற்குள் காற்றழுத்தமும் வெப்பமும் உங்கள் எண்ணை அதைவிட அதிகமாக ஆட்டிவிடும். அந்த ஆட்டம் சூரியனின் 24 மணி நேரத்தைப் பின்பற்றும். நட்சத்திரங்களோடு வருவது 23 மணி 56 நிமிடத்தில் திரும்பும். ஓராண்டு முழுவதும் இரவு பகல் பாராமல் எண்ணினால்தான் இந்த நான்கு நிமிடம் பிரிந்து தெரியும்.

ஆனால் ஓஷே குழு 2021 முதல் தன் தரவுகளில் ஒரு பகுதியை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. இறக்கிக்கொள்ளுங்கள். 8 எக்சாவுக்கு மேற்பட்டவற்றை மட்டும் பிரித்து, வானத்தின் வலஏற்றப்படி, அதாவது பூமிக்குத் தீர்க்கரேகைபோல வானத்துக்கு இருக்கும் அளவுப்படி, 24 பெட்டிகளில் போடுங்கள். அவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் சாய்வு உறுதியாகத் தெரியாது. ஆனாலும் சிரியஸ் பக்கத்துப் பெட்டி என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், நான் என் கணக்கோடு ஒப்பிடுகிறேன். உங்கள் மானிக்கு ஒரு காற்றழுத்தமானியையும் வாங்கிப் பொருத்துங்கள்.