"ஒரே ஒரு ஃபீல்டுதானே சார்": பெங்களூரு ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்கள் பகிர்வு

அல்சூர் சரவணன்:
மருந்து மொத்த வியாபாரத்துக்கு பில்லிங் சாஃப்ட்வேர். ஃபிக்ஸட் பிரைஸ், ரெண்டு வார ஸ்பிரிண்ட் (ஒரு சுற்று வேலை). டெமோ நல்லா ஓடி முடிஞ்ச நேரம், கிளையன்ட் பக்கத்து ஆள் சொன்னார்: "பத்துக்கு ஒண்ணு ஃப்ரீ கொடுக்கிறோமே, அதுக்கு ஒரே ஒரு ஃபீல்டு சேர்த்துடுங்க சார்." அந்த "ஒரே ஒரு" இன்னும் காதை விட்டுப் போகல.

மருந்து லைன் தெரிஞ்சவங்களுக்குப் புரியும். 10+1 ஸ்கீம்னா ஸ்டாக்ல 11 குறையணும், பில் தொகை 10-க்கு மட்டும் வரணும். அந்த ஃப்ரீ ஸ்ட்ரிப் எந்த பேட்ச்ல இருந்து போச்சுன்னு பதியணும், ஏன்னா எக்ஸ்பைரி தேதி பேட்சுக்கு பேட்ச் மாறும். கடைக்காரர் பாதி சரக்கைத் திருப்பி அனுப்பினா கிரெடிட் நோட்ல ஃப்ரீயை எப்படிக் கழிக்கிறதுன்னு ஒரு விதி வேணும். பழைய பில் எல்லாத்துக்கும் சுழி நிரப்பி மைக்ரேஷன் (பழைய டேட்டாவைப் புது அமைப்புக்கு மாத்துறது) ஓட்டணும். ஏ5 தாள்ல ஏற்கெனவே இடமில்லாத பிரிண்ட்ல இன்னொரு கட்டம் வேற. லாப ரிப்போர்ட்டும் மாறும். ஸ்கிரீன்ல மட்டும்தான் அது ஒரு ஃபீல்டு.

கிளையன்ட் எழுதிக் கொடுத்த ஸ்டோரியில (தேவைக் குறிப்புல) இருந்தது "பில் போட முடியணும்"ங்கிற ஒரே வரி. அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா, அதாவது எதெல்லாம் ஓடினா வேலை முடிஞ்சதுன்னு ஏத்துக்கலாம்ங்கிற பட்டியல், கிடையாது. அப்போ இது பிழையா (பக்), புது வேலையா? யார் வேணும்னாலும் எப்படி வேணும்னாலும் சொல்லிக்கலாம். அதுதான் உறுத்துது.

மடிவாளா மீனா:
சரவணன் அண்ணா, கோளாறு ஸ்டோரியில இல்ல, ஒப்பந்தத்துல. விலையையும் கட்டிப்போட்டு, செய்ய வேண்டிய வேலையையும் கட்டிப்போட்டுட்டு ரெண்டு வாரத்துக்கு ஒரு டெமோ காட்டினா அது அஜைல் (போகப்போக மாத்திக்கிட்டே கட்டுற முறை) ஆகாது. 2001-ல அமெரிக்காவுல ஸ்னோபேர்டுல 17 பேர் சேர்ந்து எழுதின அஜைல் மேனிஃபெஸ்டோவோட சாரமே, மாற்றம் கடைசி நேரத்துல வந்தாலும் வரவேற்கணும்கிறதுதான். மணிக்கணக்குக்கோ ஸ்பிரிண்ட் கணக்குக்கோ பில் பண்ணினாத்தான் அது நடக்கும்.

எனக்கு உறுத்துறது வேற. ஓஆர்ஆர் (அவுட்டர் ரிங் ரோடு) பக்கம் ஒரு கிளையன்ட் ஆபீஸ். மீட்டிங் ரூம் திரையில ரெண்டு பார் சார்ட்: அவங்க டீம் வெலாசிட்டி (ஒரு ஸ்பிரிண்ட்ல முடிக்கிற ஸ்டோரி பாயின்ட்) 40, ஃப்ரீலான்ஸர் 26. "ரேட்டையும் அதே விகிதத்துல குறைச்சுக்கலாமா?"ன்னு கேட்டாங்க. ஸ்டோரி பாயின்ட்ங்கிறது ஒரு டீம் தனக்குள்ள ஒப்பிட்டுக்கப் போடுற மதிப்பு. ஒரு டீமோட 5 இன்னொரு டீமுக்கு 3-ஆ இருக்கலாம். அதைப் பணத்தோட கட்டினா அடுத்த ஸ்பிரிண்ட்லயே எல்லாரும் 3-ஐ 5-னு போடுவாங்க, அப்புறம் அந்த எண்ணை வெச்சு எதையும் திட்டமிட முடியாது. ஸ்க்ரம்ங்கிற அஜைல் முறைக்கான 2020 ஸ்க்ரம் கைட்ல ஸ்டோரி பாயின்ட், வெலாசிட்டி ரெண்டு சொல்லுமே இல்ல. படிச்சுப் பாருங்க.

விவேக்நகர் ரவி:
மீனா சொல்றதை முழுசா ஏத்துக்க முடியல. சிவாஜிநகர் வியாபாரிகிட்ட போய் "மணிக்கணக்கு, மொத்தம் எவ்வளவு ஆகும்னு அப்புறம் தெரியும்"னா டீயோட அனுப்பிடுவார். ஃபிக்ஸட் பிரைஸ்லயே வழி இருக்கு. ஸ்க்ரமை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான ஜெஃப் சதர்லாண்ட் சொன்ன ஏற்பாடு: புது ஸ்டோரி உள்ள வரணும்னா, அதே அளவுல இன்னும் தொடாத ஸ்டோரி ஒண்ணு வெளிய போகணும். அப்படின்னா மாற்றத்துக்குக் காசு இல்ல. சரவணனோட 10+1 எட்டு பாயின்ட்னா, பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைப் பட்டியல்) அடியில கிடக்கிற எட்டு பாயின்ட் டாஷ்போர்டைத் தூக்கலாம். தொடங்கிட்ட ஸ்டோரியை மாத்திக்க முடியாதுன்னு எழுதியே வெச்சுக்கணும். இல்லன்னா பாதி கட்டின வேலையெல்லாம் நம்ம தலையில விழும்.

ரேட் பேசும்போது இன்னொரு கணக்கும் போடுங்க. ஸ்க்ரம் கைட் ஒரு மாச ஸ்பிரிண்டுக்குக் கொடுக்கிற உச்ச வரம்பு: பிளானிங் 8 மணி, ரிவ்யூ 4, ரெட்ரோ (எப்படி வேலை செஞ்சோம்னு திரும்பிப் பாக்கிறது) 3. ரெண்டு வாரத்துக்குப் பாதியாக்கினா ஏழரை. தினம் கால் மணி ஸ்டாண்ட்அப் மீட்டிங் பத்து நாளுக்கு ரெண்டரை. ஆக 80 மணியில 10 மணி பேச்சுக்கே போகும். ரெண்டு கிளையன்ட்னா 20. இதை பில்லுல சேர்க்காதவர் எட்டுல ஒரு பங்கை இனாமா கொடுக்கிறார்.

நியூயார்க் கிளையன்ட்னா நேரத்தையும் எழுதி வாங்கணும். அவங்க காலை 9:30 கோடையில நமக்கு மாலை 7, குளிர்காலத்துல 8.

ஃப்ரேசர் டவுன் ஜோசப்:
கிளையன்ட் ஒருவர் கடைசித் தவணையை நிறுத்திவிட்டு, "நாங்கள் இன்னும் அக்செப்ட் பண்ணவில்லையே" என்று ஒரே வரியில் பதில் போட்டார். சாஃப்ட்வேரோ அவர் கடையில் தினமும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை என்றாலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் உத்யம் தளத்தில், அதாவது குறு, சிறு தொழில்களுக்கான அரசுத் தளத்தில், பதிவு செய்யுங்கள். ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு பதிந்து தருகிறோம் என்று வரும் தளங்களை நம்பாதீர்கள். பதிந்தவர் குறு அல்லது சிறு நிறுவனம் என்றால் 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இடி (குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டு) சட்டத்தின் 15-ஆம் பிரிவு பொருந்தும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக.

இதில் பலர் கவனிக்காதது, அந்த 45 நாள் கணக்கு தொடங்கும் ஏற்பு நாள். வேலையை ஒப்படைத்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்ற நாள் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒப்படைத்ததற்குச் சாட்சி வேண்டும். ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதியும் கருவி) ஒரு டேக், அதாவது பெயர் அடையாளம், போடுங்கள், அதை ஸ்டேஜிங்கில் (கிளையன்ட் சோதித்துப் பார்க்கும் சர்வர்) ஏற்றுங்கள். டேக் பெயர், முடிந்த ஸ்டோரி எண்கள், ஸ்டேஜிங் முகவரி, இன்வாய்ஸ் நான்கையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். உங்கள் லேப்டாப்பில் காட்டிய டெமோவை ஒப்படைப்பு என்று நிரூபிப்பது கடினம். அது திரையில் காட்டியது மட்டுமே.

அடுத்தது பதிப்புரிமை (காப்பிரைட்). சம்பள ஊழியர் எழுதும் கோடு நிறுவனத்துக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸர் எழுதியது, எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை அவருக்கே சொந்தம். 1957 சட்டப்படி, மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். விவரம் தெரிந்த கிளையன்ட் இதை முழுமையாக எழுதி வாங்கவே பார்ப்பார். எழுதிக் கொடுங்கள், ஆனால் "முழுத் தொகையும் வந்து சேர்ந்த நாளிலிருந்து" என்ற சொற்களை விடாதீர்கள். அந்தக் கடைசித் தவணைக்கு அதுதான் பிடி.

மடிவாளா மீனா:
ஜோசப் சார், உள்ளூர் கிளையன்டுக்கு இது சரி. வெளிநாட்டுக் கிளையன்ட் மேல அந்த 45 நாள் விதியைச் செலுத்த முடியாதே?

ஃப்ரேசர் டவுன் ஜோசப்:
முடியாது அம்மா. அங்கே முன்பணம்தான். முதல் ஸ்பிரிண்ட் தொகையை முன்கூட்டியே வாங்கிக் கடைசி ஸ்பிரிண்டில் கழித்துக்கொள்ளுங்கள். முந்தைய இன்வாய்ஸ் ஏழு நாளில் வராவிட்டால் அடுத்த பிளானிங் நடக்காது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். அப்படி இருந்தால் அதிகபட்சம் ஒரு ஸ்பிரிண்ட் உழைப்புதான் வெளியே நிற்கும்.