எடிட்டர்ல டேப் எப்படி இருக்கணும்? டிடிபி வேலைக்காக எழுதறேன், யோசனை சொல்லுங்க

செவ்வாப்பேட்டை_பையன்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. சேலம் செவ்வாய்ப்பேட்டைல எங்க மாமா டிடிபி சென்டர் வெச்சிருக்காரு, கல்யாணப் பத்திரிகை, கொலுசுக் கடை பில் புக்கு, கும்பாபிஷேக நோட்டீஸ் இதுதான் வேலை. மேட்டரை முதல்ல சாதா டெக்ஸ்ட்டா அடிச்சு பார்ட்டிகிட்ட ப்ரூஃப் காட்டி ஓகே வாங்கினப்புறம்தான் லேஅவுட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க. அந்த டெக்ஸ்ட் அடிக்கறதுக்குன்னே பைத்தான், க்யூடி (ஜன்னல், பட்டன் எல்லாம் போடற டூல்கிட்) வெச்சு ஒரு எடிட்டர் எழுதிட்டு இருக்கேன். தேடறது, பாமினிங்கற பழைய ஃபான்ட் எழுத்துலருந்து யூனிகோடுக்கு மாத்தறது எல்லாம் வந்துடுச்சு, திறந்த ஃபைலை எல்லாம் மேல வரிசையா காட்டற டேப்லதான் நிக்குது.

முகூர்த்த மாசத்துல ஒரே நேரத்துல இருபது முப்பது ஃபைல் திறந்து கிடக்கும். புது டேப் கடைசில வரணுமா இல்ல இப்ப பாக்கற டேப்புக்குப் பக்கத்துலயா, ஒண்ணை மூடினா அடுத்து எது முன்னாடி வரணும், கீபோர்டுல கண்ட்ரோல், டேப் ரெண்டு கீயும் சேத்து அடிச்சா வரிசைப்படி போகணுமா இல்ல கடைசியா பாத்ததுக்குப் போகணுமா, ஒரே ஃபைலை ரெண்டு தடவை திறந்தா என்ன பண்றது? ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மாதிரி பண்ணுது, எதை நம்பறதுன்னே தெரியல.

அஸ்தம்பட்டி_விம்:
தம்பி, இதுக்கெல்லாம் முன்னாடி டேப்னா ஃபைலா, இல்ல ஃபைலைப் பாக்கற ஜன்னலான்னு முடிவு பண்ணுங்க. விம்ங்கற எடிட்டர்ல 2006ல 7.0 வெர்ஷன் வந்தப்பதான் டேப் வந்துச்சு, அதுல டேப்புக்கும் ஃபைலுக்கும் நேரடி சம்பந்தமே கிடையாது, ஃபைல் பஃபர்ல, அதாவது மெமரில, இருக்கும், டேப்ங்கறது சில ஜன்னல்களோட அமைப்பு, அவ்வளவுதான். ஒரு ஃபைலுக்கு ஒரு டேப்னு பழகி வர்றவங்க அங்க திணறிப் போறாங்க. ஈமாக்ஸ்ங்கற இன்னொரு எடிட்டர்ல 2020ல 27 வெர்ஷன் வந்தப்ப ரெண்டையும் தனித்தனியாவே குடுத்துட்டாங்க, டேப் லைன் பஃபருக்கு, டேப் பார் ஜன்னல் அமைப்புக்கு.

உங்க மாமா கடைக்கு ஒரு ஃபைல் ஒரு டேப்தான் சரி. ஆனா கோடுல டாக்குமெண்ட்டையும் (உள்ள இருக்கற மேட்டர்) வ்யூவையும் (அதைக் காட்டற பெட்டி) பிரிச்சே வைங்க. க்யூடில ஒரே டாக்குமெண்ட்டை ரெண்டு எடிட் பெட்டிக்குக் குடுக்கலாம், ஒரு பக்கம் அடிச்சா இன்னொரு பக்கமும் மாறும், அண்டூவும் ஒண்ணாவே இருக்கும். அதே ஃபைலைத் திரும்பத் திறந்தா புது டேப் வேண்டவே வேண்டாம், இருக்கற டேப்புக்குப் போயிடணும். அதுக்கு ஃபைலோட பாதையை மட்டும் ஒப்பிட்டா போதாது, ரெண்டும் நிஜமாவே ஒரே ஃபைல்தானான்னு பாருங்க, நெட்வொர்க் ஷேர் வழியாவும் டிரைவ் எழுத்து வழியாவும் ஒரே ஃபைல் வேற வேற பாதைல வரும், கண்டுபிடிக்காம விட்டா ரெண்டு காப்பி திறந்து, பின்னாடி சேவ் பண்றது முன்னாடி பண்ணதை அழிச்சுடும்.

அம்மாபேட்டை_டைப்பிஸ்ட்:
நான் கோட் எழுதறவ இல்லப்பா, பிரஸ்ல டைப் அடிக்கறேன், எனக்கு வேணுங்கறதைச் சொல்றேன். எங்க ஃபைல் பேர் எல்லாமே "திருமண அழைப்பிதழ்"னு ஆரம்பிச்சு அப்புறம்தான் ஊரும் தேதியும் வரும். பத்து ஃபைல் திறந்ததும் டேப் ஒடுங்கிப் போய் எல்லாத்துலயும் "திருமண அ..."னுதான் தெரியும், பார்ட்டி ஆத்தூர்லருந்து வந்து பக்கத்துல உக்காந்திருக்காரு, நான் ஒவ்வொண்ணா கிளிக் பண்ணி அவர் மேட்டரைத் தேடிட்டு இருப்பேன். ராத்திரி கடை சாத்தறப்ப சேவ் பண்ணவா வேணாமான்னு ஒவ்வொரு டேப்புக்கும் கேக்கறது அதைவிடக் கொடுமை, அசதில எதையாவது அமுக்கிட்டா அந்த மேட்டர் போச்சு. கண்ட்ரோல் டேப் எப்படிப் போனாலும் பழகிக்குவேன்.

ஏற்காடு_க்யூடி:
அக்கா சொன்னதைத்தான் முதல்ல செய்யணும். பேரை நடுவுல வெட்டற வசதி க்யூடி டேப் பார்லயே இருக்கு, ஆனா சொந்தமா வெட்டறதா இருந்தா கவனம். பைத்தான்ல "கொ"வோட நீளம் 2, "க" ஒண்ணு, ஒகரக் குறி ஒண்ணு. கணக்குத் தெரியாம வெட்டினா "கொலுசு"ல "க" மட்டும் தனியா நிக்கும். யூனிகோட் சொல்ற எழுத்துக் கொத்து (குறியையும் சேத்து ஒரே எழுத்தா எண்ணறது) விதிப்படி வெட்டினா இந்தப் பிரச்சினை போயிடும், ஆனா அந்த விதில "ஸ்ரீ"யும் "க்ஷ"வும் ரெண்டு ரெண்டு துண்டாத்தான் எண்ணப்படும், பத்திரிகை ஃபைல் பேர்ல ஸ்ரீ இல்லாம இருக்குமா? அந்த ரெண்டுக்கும் தனியா விதி எழுதிடுங்க. அகலத்தையும் எழுத்தை எண்ணிப் பாக்காம ஃபான்ட்ட வெச்சு பிக்சல்ல அளங்க, "ர"வும் "ணை"யும் ஒரே இடமா அடைக்குது?

என்னைக் கேட்டா முப்பது ஃபைல் திறக்கற இடத்துல டேப்பை மேல வரிசையா வைக்கறதே வேண்டாம். தமிழ்ப் பேர் நீளம், மானிட்டர்ல பக்கவாட்டுல இடம் சும்மா கிடக்கு, இடது பக்கம் செங்குத்தா லிஸ்ட் போடுங்க. டேப் விட்ஜெட்டையே இடதுபக்கம் திருப்பி வெச்சா எழுத்து சாஞ்சு நிக்கும், அதனால தனி லிஸ்ட் வ்யூ போட்டு இணைச்சுடுங்க.

மூடறப்ப கேக்கற பழக்கத்தை அடியோட எடுங்க. சப்லைம் டெக்ஸ்ட் எடிட்டர் மாதிரி சேவ் பண்ணாததையும் அப்படியே வெச்சிருந்து மறுநாள் திறந்தா அதே இடத்துல காட்டணும். சில வினாடிக்கு ஒரு தடவை டெம்ப் ஃபைல்ல முழுசா எழுதி முடிச்சு, அப்புறம் அதுக்குப் பழைய ஃபைலோட பேரை வெச்சு பழசு இருந்த இடத்துல மாத்துங்க, நேரா பழசு மேலயே எழுதினா நடுவுல கரண்ட் போறப்ப பாதி ஃபைல்தான் மிஞ்சும்.

அஸ்தம்பட்டி_விம்:
செங்குத்து லிஸ்ட் சரிதான், ஆனா கண்ட்ரோல் டேப்பை அப்படி விட்டுட முடியாது. கைப்பிரதி ஒரு ஃபைல், ப்ரூஃப் ஒரு ஃபைல்னு மாத்தி மாத்திப் பாக்கறவங்களுக்கு கடைசியா பாத்ததுக்குப் போறதுதான் கை வேகத்துக்கு வரும், விஎஸ் கோட் எடிட்டரும் அப்படித்தான் வெச்சிருக்கு. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு தம்பி, கண்ட்ரோலைப் பிடிச்சிருக்கற வரைக்கும் அந்தக் கடைசியா பாத்த வரிசை உறைஞ்சு நிக்கணும், கையை எடுத்தப்புறம்தான் இப்ப போய் நின்ன ஃபைல் வரிசைல முதல்ல ஏறணும். ஒவ்வொரு தட்டுக்கும் வரிசையை மாத்தினீங்கன்னா முதல் ரெண்டு ஃபைலுக்குள்ளயேதான் சுத்திட்டு இருப்பாங்க, மூணாவதுக்குப் போகவே முடியாது. மூடினாலும் கடைசியா பாத்ததுக்கே போகட்டும். ஆனா இந்த வரிசை உள்ளுக்குள்ள மட்டும் இருக்கணும், கண்ணுக்குத் தெரியற லிஸ்ட் தானா இடம் மாறவே கூடாது.

செவ்வாப்பேட்டை_பையன்:
ரொம்ப நன்றிங்க அண்ணா. செங்குத்து லிஸ்ட்தான், புது ஃபைல் அடியில சேரும், ஆளுங்க இழுத்து வெச்சா மட்டும் இடம் மாறும். கேக்காம மூடறதை முதல்ல முடிச்சுட்டு மத்ததுக்கு வர்றேன். அக்கா, லிஸ்ட்ல பேரை ரெண்டு வரியாக்கி மேல் வரில ஊரும் தேதியும் பெருசா, கீழ "திருமண அழைப்பிதழ்" சின்னதா காட்டினா உங்களுக்கு சரிப்படுமா?

அம்மாபேட்டை_டைப்பிஸ்ட்:
சரிப்படும்ப்பா. ஆனா ஒரே ஊர் ஒரே தேதில ரெண்டு கல்யாணம் வரும், மாப்பிள்ளை பேரும் மேல் வரிலயே வரட்டும். ப்ரூஃப் ஓகே ஆனதுக்கு ஒரு பச்சைப் புள்ளி வெச்சுக் குடுத்தா இன்னும் நல்லது.

செவ்வாப்பேட்டை_பையன்:
பச்சைப் புள்ளி சேத்துடறேன்க்கா. சேவ் ஆகாததுக்கு வேற நிறம் வெச்சுக்கறேன்.