முதல் டிராக்கில் எதை வைத்தீர்கள்? கையடக்க மல்டிடிராக் ரெக்கார்டர் அனுபவங்கள்

கும்பகோணத்திலிருந்து, வாய்ப்பாட்டு

டாஸ்காம் டிபி-008 என்ற ரெக்கார்டர் ஒன்றைப் பழையதாக வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. தடித்த புத்தகம் ஒன்றின் அளவுதான் இருக்கும். எட்டு டிராக், அதாவது ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்து பிறகு சேர்க்க எட்டு தடம். ஒரே நேரத்தில் இரண்டில் பதியலாம். நாலு பென்சில் பேட்டரி போட்டால் கரண்ட் இல்லாமலே ஓடும். இதன் மற்ற விவரமெல்லாம் எங்கும் கிடைக்கும். நான் கேட்க வந்தது வேறு. கர்நாடக சங்கீதத்தை இதில் ஒவ்வொரு டிராக்காகப் பதிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், முதல் டிராக்கில் எதை வைத்தீர்கள்? இந்த ஒரு கேள்வியில் நான் நாலு மாதம் தடுமாறினேன்.

ஆரம்பத்தில் எனக்கு அது கேள்வியாகவே தோன்றவில்லை. கச்சேரியில் முதலில் கேட்பது சுருதி. அதனால் ஐந்து கட்டையில் தம்புராவை முதல் டிராக்கில் வைத்தேன். இரண்டாவதில் ஒரு கீர்த்தனையைப் பாடினேன். மூன்று நாள் பாடிப் பாடி, சங்கதி, அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவது, எல்லாம் சுத்தமாக விழுந்த ஒரு டேக்கை வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மிருதங்கம் வாசிக்கும் தம்பி வந்தான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பல்லவி, அனுபல்லவி வரை வாசித்தான். சரணத்தில் நிறுத்திவிட்டான். "அக்கா, நீங்க ஓடுறீங்க" என்றான்.

கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். பல்லவியில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, எட்டு விநாடி. சரணத்தில் ஏழு விநாடிக்குக் கொஞ்சம் கூட. மேடையில் இப்படி ஆகியிருந்தால் அவன் ஒரு தீர்மானம், அதாவது மூன்று முறை திரும்பும் முடிப்பு, வைத்து என்னைப் பிடித்து நிறுத்தியிருப்பான், அல்லது அவனும் கூடவே வந்திருப்பான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தாங்கி வேகத்தைச் சீராக வைப்பதுதான் காலப்பிரமாணம். இங்கே என் பாட்டு மூன்று நாளைக்கு முன்பே முடிந்துவிட்டது. முடிந்துபோனதை எப்படித் தாங்குவது?

பிறகு சீராக டிக் டிக் என்று காலம் காட்டும் மெட்ரோனோமை முதலில் வைத்துப் பார்த்தேன். காலம் நின்றது, பாட்டு நிற்கவில்லை. அது அரை இடம் தள்ளி எடுப்பு உள்ள கீர்த்தனை, அதாவது தாளம் தொடங்கிக் கொஞ்சம் கழித்துத்தான் பாட்டு தொடங்கும். ஒவ்வொரு எடுப்பிலும் அந்த டிக் சத்தத்துக்காகக் காத்திருந்து, கேட்ட பிறகு பாட்டை வைக்கிறேன். கேட்டால் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் இருந்தது. அந்தப் பதிவை அழித்துவிட்டேன்.

கடைசியில் கைகொடுத்தது இதுதான். தம்பி கூடத்தில் மிருதங்கத்தோடு உட்கார்ந்தான். நான் நீள வயரோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு பேர் காதிலும் ஹெட்ஃபோன். என் குரல் ஒரு டிராக், அவன் வாசிப்பு ஒரு டிராக், இரண்டும் ஒரே சமயத்தில். அன்றைக்குப் பாடியது வழிகாட்டத்தான். அவன் போன பிறகு அவனுடைய மிருதங்கத்தைக் கேட்டுக்கொண்டே நிதானமாக மறுபடி பாடினேன், பழைய குரலை எடுத்துவிட்டேன். கதவைச் சாத்த ஒரு காரணம் உண்டு. ஒரே அறையில் இருந்தால் என் பழைய குரல் மிருதங்க மைக்குக்குள் நுழைந்துவிடும், பிறகு எடுக்கவே முடியாது. புதிதாக வேறு சங்கதி பாடினால் பின்னால் பழைய சங்கதி ஆவிபோல் கேட்கும். அதையும் ஒரு தடவை பட்டுத்தான் கற்றேன்.

மதுரையிலிருந்து, மிருதங்கம்

வணக்கம் அம்மா. வாசிக்கிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நடன ஆசிரியை ஒருவருக்காக ஒரு ஜதிஸ்வரத்தையும் ஒரு தில்லானாவையும் என் வீட்டிலேயே பதிந்தோம். மாணவிகள் வீட்டில் ஆடிப் பழக அது போதும் என்றார். முதலில் எதை வைப்பது என்று நாங்கள் பேசவே இல்லை. அவர் தட்டுக்கழியும் கட்டையுமாக வந்து உட்கார்ந்தார், ஆட்டத்துக்கான தாளச் சொற்களை, அதாவது சொல்லுக்கட்டைத் தட்டிக்கொண்டே சொல்லி முடித்தார். அதுவே முதல் டிராக். பரதத்தில் எல்லாருக்கும் தலைமை இப்படித் தாளம் தட்டிச் சொல்லும் நட்டுவாங்கம்தான். பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றும் பின்னால் வந்து அதில் உட்கார்ந்தன. சிரமமே இல்லை.

தாளத்தைத் தனி டிராக்கில் வைத்தது அங்கே பெரிய வசதி. தாள ஒலி எல்லா மைக்குக்குள்ளும் போகக் கூடியது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பதிந்திருந்தால் அதைக் குறைக்க வழியே இருந்திருக்காது.

மைக் வைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலைக்கு ஒன்று, இடது பக்கமான தொப்பிக்கு ஒன்று, இரண்டையும் ஒவ்வொரு அடி தூரத்தில் வைத்தேன். தனித்தனியாகக் கேட்டால் பிரமாதம். சேர்த்துக் கேட்டால் தொப்பியின் கும்கி, அந்த அடி ஒலி, வற்றிப்போகிறது. தோல் பிரச்சினை என்று நினைத்து ரவையைப் பிசைந்து மறுபடி ஒட்டினேன். தோலில் குறை இல்லை. ஒரே ஒலி இரண்டு மைக்குக்கும் வேறு வேறு நேரத்தில் போய்ச் சேர்ந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. ஒரு மைக்கை நாலு விரற்கடை பின்னால் நகர்த்தினேன், கும்கி திரும்பி வந்துவிட்டது. அதனால் பதிவதற்கு முன்னால் இரண்டு மைக்கின் ஒலியையும் இடது வலது என்று பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்து ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

பாடகர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சொந்தக் குரல் கேட்கவேண்டும் என்று ஹெட்ஃபோனின் ஒரு காதைக் கழற்றிவிடுவார்கள். கழற்றிய காதிலிருந்து வழிகாட்டி டிராக் முழுவதும் மைக்கில் ஏறிவிடும். பதியும்போது மட்டும் பழைய டிராக்குகள் அத்தனையையும் முழுக்க இடது பக்கம் தள்ளுங்கள். வலது காதைத் தாராளமாகக் கழற்றலாம், அதில் ஒன்றும் வராது.

ரொறன்ரோவிலிருந்து, கீபோர்ட்

நான் எழுதப்போறது பழைய கதை. இப்ப எல்லாரும் கார்டில பதியிறீங்கள். நாங்கள் கசற்றில பதிஞ்சனாங்கள். 1979இல ரியாக் நிறுவனம் கொண்டுவந்த 144 போர்ட்டாஸ்டூடியோதான் கசற்றில நாலு ட்ராக் பதியிற முதல் மெஷின். எங்களிட்ட இருந்தது அதுக்குப் பிறகு வந்த 424. தொண்ணூறுகளில ஸ்காபரோவில ஒரு வீட்டு பேஸ்மெண்டில எங்கட மெல்லிசைக் குழுவுக்கு அதுதான் ஸ்டூடியோ.

சாதாரண கசற்றில ஒரு பக்கத்துக்கு இரண்டு ட்ராக், மற்றப் பக்கத்துக்கு இரண்டு. இந்த மெஷின் அந்த நாலையும் ஒரே திசையில, இரண்டு மடங்கு வேகத்தில பாவிக்கும். ஆகவே அறுபது நிமிசக் கசற்றில பதினைஞ்சு நிமிசம்தான் கிடைக்கும், திருப்பிப் போடவும் ஏலாது. நாலு ட்ராக் எங்களுக்குக் காணாது. மூண்டில பதிஞ்சு, அதை நாலாவதுக்கு ஒண்டாக்கி மாத்திப்போட்டு, பழைய மூண்டையும் அழிச்சு அதுக்கு மேல பதியிறது. ஒண்டாக்கினால் பிறகு பிரிக்க ஏலாது. நாங்கள் முதல் ட்ராக்கில வைச்சது தபேலா. ஒரு பாட்டில தபேலாவைக் கொஞ்சம் கூட வைச்சு ஒண்டாக்கிப்போட்டம். பிறகு பாடின பிள்ளையின்ர குரல் அதுக்குள்ள அமுங்கிப்போச்சு. அந்த இரவு முழுக்க இருந்தும் ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சு. தங்கச்சி கேட்ட கேள்விக்கு என்ர பதில் இதுதான். எதையும் முதலில வைக்கலாம், ஆனால் அது கடைசிவரைக்கும் தனிய இருக்கவேணும். எட்டு ட்ராக் இருக்கிற நீங்கள் குடுத்துவைச்ச ஆக்கள்.

இன்னுமொண்டு. 2021இல அந்தக் கசற் ஒண்டு பழைய பெட்டிக்குள்ள கிடைச்சுது. மெஷின் எப்பவோ போயிட்டுது. சாதாரண டெக்கில போட்டன். பாதி வேகத்தில, பாதாளத்தில இருந்து வாற மாதிரி தபேலாவும் கிற்றாரும் கேட்டுது. திருப்பிப் போட்டால் குரலும் கீபோர்டும் பின்பக்கமாக ஓடுது. இரண்டு பக்கத்தையும் கொம்பியூட்டரில ஏத்தி, வேகத்தை இரட்டிப்பாக்கி, ஒரு பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினன். இரண்டு தரம் ஓடின ரேப் ஒரே வேகத்தில ஓடாது, ஒவ்வொரு வரிக்கும் இழுத்து இழுத்து ஒட்டவேண்டி வந்தது. இரண்டு கிழமை எடுத்தது. தபேலா வாசிச்ச அண்ணை இப்ப எங்களோட இல்லை. அவரின்ர பிள்ளையளுக்கு அவரின்ர வாசிப்பை மட்டும் தனிய எடுத்துக் குடுத்தன். அந்த ஒரு பாட்டில ஒண்டாக்காமல் விட்டதால அது ஏலுமாக இருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து, கிட்டார்

மெட்ரோனோமை எல்லாரும் ஒதுக்குவதால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். என்னிடம் இருப்பது ஜூம் ஆர்8 என்ற ரெக்கார்டர். அதற்குள்ளேயே டிரம் மெஷின் இருக்கிறது. நான் எழுதும் பாட்டுகள் எல்லாம் நாலு நாலாக நடக்கும் மெல்லிசை. டிரம் தாளத்தை முதலில் வைத்து, கிட்டார், பேஸ், குரல் என்று அடுக்குவேன். ஒரு சரணம் சரியாக விழவில்லை என்றால் அந்த இடத்தில் மட்டும் பஞ்ச் இன் செய்து, அதாவது பழையதன் மேல் புதிதாகப் பதிந்து, திருத்துகிறேன். காலம் அசையாமல் நிற்பதால்தான் அது முடிகிறது. காலம் மாறும் பாட்டில் நேற்றைய வரியோடு இன்றைய வரி ஒட்டாது.

லேப்டாப் இருக்க இது எதற்கு என்று என் நண்பர்கள் கேட்பார்கள். லேப்டாப்பில் ஹெட்ஃபோனில் திரும்பி வரும் குரல் ஒரு நொடியின் சின்னத் துணுக்கு தாமதமாக வந்தாலே எனக்குக் கை தடுமாறுகிறது. விசிறிச் சத்தம் வேறு. திரையில் அலை வடிவத்தைப் பார்த்தால் காது வேலையைக் கண் எடுத்துக்கொள்கிறது. பதிவது ரெக்கார்டரில், வெட்டி ஒட்டுவது கம்ப்யூட்டரில் என்று பிரித்துவிட்டேன். ஒரு டிராக் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 எம்பிதான், யுஎஸ்பி வயரில் போட்டால் உடனே போய்விடும்.

திருவாரூரிலிருந்து, நாகஸ்வரம்

எங்களுக்கு இந்த முறை ஒத்துவரவில்லை. நாகஸ்வரத்தைத் தனியாக வீட்டு அறையில் ஊதிப் பதிந்தோம். முதல் குறை லெவல். மெதுவாக ஊதிப் பார்த்து மைக்கின் அளவை (கெயின்) வைத்தோம், பாட்டில் மேல் ஷட்ஜம் வந்ததும் சிவப்பு விளக்கு எரிந்து ஒலி கிழிந்துவிட்டது. கிழிந்ததைத் தைக்க வழி கிடையாது. உச்ச ஒலி மீட்டரில் மைனஸ் 12 டெசிபலுக்கு மேல் போகாதபடி வைக்கக் கற்றுக்கொண்டோம்.

அதைச் சரி செய்த பிறகும் தவில் சேரவில்லை. தவில் அண்ணன் ஹெட்ஃபோனோடு பத்து நிமிடம் வாசித்துவிட்டு, "முகத்தைப் பார்க்காம எங்கே அடிக்கிறது?" என்று கழற்றி வைத்துவிட்டார். இப்போது நாங்கள் மண்டபத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரே மூச்சில் பதிகிறோம். மைக்குகள் இருபதடி தள்ளி இருக்கும். டிராக் பிரியாது, ஆனால் உயிர் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு எங்கள் பதில், முதல் டிராக்கில் எல்லாரும்.

மதுரையிலிருந்து, மிருதங்கம்

அண்ணன் சொன்னது முழுக்க நியாயம். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை நானும் இப்படித் துண்டாகப் பதிய மாட்டேன். கடமும் மிருதங்கமும் கேள்வி பதிலாக வாசிக்கும்போது பதில் தெரிந்த பிறகு கேள்வி கேட்க முடியாது. ஒன்று விட்டுப்போயிற்று. அடாப்டரில் ஓட்டினால் அடியில் உர்ரென்று ஒரு ஹம் வருகிறது என்றால் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், எனக்கு அதில்தான் நின்றது. பேட்டரியில் ஓட்டும்போது கண்டென்ஸர் மைக்குக்கு அதன் வயர் வழியாகவே போகும் 48 வோல்ட் பேண்டம் பவர் போட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும். புதிய செட் ஒன்று கையில் இருக்கட்டும். பதிவின் நடுவே பவர் போனால் அந்த டேக் கார்டில் முழுதாக இருக்காது.

கும்பகோணத்திலிருந்து, வாய்ப்பாட்டு

எல்லாருக்கும் நன்றி. இடது காது யோசனையை அன்றைக்கே செய்தேன், மைக்கில் சுத்தமாக என் குரல் மட்டும்.

போன வாரம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். எங்கள் தெருவில் எண்பதை நெருங்கும் மாமி ஒருவர் இருக்கிறார். நலங்கு, ஊஞ்சல், லாலி என்று அவருக்கு எத்தனை பாட்டு தெரியும் என்று அவருக்கே கணக்கு இல்லை. ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஹெட்ஃபோனைத் தலையில் வைத்ததும், "இதைப் போட்டுண்டு பாடினா யாரோ பாடற மாதிரி இருக்குடி" என்று எடுத்துவிட்டார். தம்புராவை மெதுவாக வைத்தேன், அது அவருக்குக் காதில் விழவில்லை. அவருக்கு வந்த சுருதியில் ஆரம்பித்தார். எனவே மெஷினின் உள் மைக்கை மட்டும் போட்டு எதிரில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

ஊஞ்சல் பாட்டு முழுவதும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே பாடினார். ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணாடி வளையல் கலகலக்கிறது. கழற்றி வைக்கச் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டபோது, முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை அந்த வளையல் ஒரு இம்மி ஓடவில்லை. சுருதி நாலு கட்டைக்குச் சற்றுக் கீழே.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். மிருதங்கத்தை மாமியின் சுருதிக்கு இறக்கிச் சேர்க்கவே அரை மணி ஆயிற்று. ஹெட்ஃபோனை மாட்டினான், இரண்டு ஆவர்த்தனம் சும்மா கேட்டான், மூன்றாவதில் உள்ளே வந்துவிட்டான். நிறுத்தவே இல்லை. முடித்துவிட்டு, "யாரு அக்கா தாளம் போட்டது?" என்று கேட்டான்.

இன்னும் ஐந்து டிராக் காலியாக இருக்கிறது. வயலினுக்கு ஒன்று வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் மாமியிடம் இந்தக் கலவையைப் போட்டுக் காட்டவேண்டும்.