விரிநடை றொக்கின் உட்பிரிவுகள்: ஊரை வைத்தா, ஒலியை வைத்தா?

குழுவினருக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் புறொகிரசிவ் றொக் என்கிற இசைக்கும் அதன் உட்பிரிவுகளுக்கும் தமிழ்ச்சொல் தேடுகிற இந்த இழையை மூன்று வாரமாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எழுதுவதற்குக் காரணம், இந்தச் சொற்கள் எனக்கு அவசரமாகத் தேவை. என் மாமா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் சேர்த்து வைத்த கசெற்றுகள், 140க்குக் கொஞ்சம் கூட இருக்கும், உப்புவெளி வீட்டு அலுமாரியிலிருந்து எங்கள் வாசிகசாலைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அதில் முக்கால்வாசி நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கிற இசைதான். ஒவ்வொன்றுக்கும் தமிழில் அட்டை எழுதி ஒட்டி அடுக்கவேண்டும். கேட்க வருகிற பிள்ளைகள் "இது என்ன வகை, அக்கா?" என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு சொல் வேண்டும்.

தாய்ச்சொல் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். றொக் என்பதைப் 'பாறை இசை' என்று ஆக்கவேண்டாம். ஆங்கிலத்தில் அது அசைந்தாடுவதைக் குறித்து வந்த சொல், கல்லைக் குறித்து அல்ல. திருகோணமலைக்காரருக்குப் பாறை என்றால் கோணேசர் கோயில் நிற்கிற சுவாமிமலைதான் கண்ணில் நிற்கும். பொப்பிசை என்ற சொல்லை ஈழத்தில் யாரும் மொழிபெயர்த்துத் தரவில்லை. அப்படியே எடுத்துத் தமிழாக்கிக்கொண்டோம், அது ஒட்டிக்கொண்டது. றொக்கும் அப்படியே இருக்கட்டும். தமிழ்நாட்டு நண்பர்கள் ராக் என்று எழுதட்டும், சண்டை இல்லை.

புறொகிரசிவ் என்பதற்கு 'முற்போக்கு' எனக்குச் சரியாகப் படவில்லை. முற்போக்கு எழுத்தாளர் சங்கம் இருந்த தீவு இது. இங்கே அந்தச் சொல்லுக்கு ஓர் அரசியல் இருக்கிறது. முற்போக்கு றொக் என்று அட்டை எழுதினால் போராட்டப் பாட்டு என்று நினைத்து எடுத்துப் போவார்கள். அதனால் இந்த இழையில் வந்தவற்றுள் 'விரிநடை' என்ற சொல்லுக்கே என் வாக்கு. நடை என்றால் தாளத்தில் திஸ்ர நடை, கண்ட நடை என்று வேறு பொருள் வருமே என்று சங்கீதம் படித்த தங்கை ஒருத்தி கேட்டிருந்தார். வரட்டும், நல்லதுதான். பிங்க் ஃபுளொயிட்டின் 'மணி' என்ற பாட்டு ஏழு ஏழாக எண்ணி வந்து, கிற்றார் தனியாக வாசிக்கும் இடத்தில் நாலுக்கு மாறுகிறது. தாள நடையும் மாறுகிறது, பாட்டு போகிற நடையும் விரிகிறது. ஜெத்ரோ டல் 1972இல் ஒரே பாட்டை இசைத்தட்டின் இரண்டு பக்கத்துக்கும் இழுத்தார்கள். இரண்டு பொருளும் பொருந்துகிற சொல் சும்மா கிடைக்காது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். யாழ்ப்பாணத்து அண்ணா போன வாரம் இப்படி எழுதியிருந்தார்:

> வகைப்பாடு என்றால் ஒரே அளவுகோல் இருக்கவேண்டும். ஆங்கிலத்தில் சிலதுக்கு ஊர்ப்பெயர், சிலதுக்கு ஒலி, சிலதுக்குக் காலம் என்று கலந்து கிடக்கிறது. நாம் அந்தக் குழப்பத்தைக் காவவேண்டியதில்லை. ஊர்ப்பெயர்களை எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒலியை வைத்தே பெயர் சூட்டுவோம்.

அண்ணா, கலந்து கிடக்கிறது என்பது உண்மை. ஆனால் ஊரை எடுத்துவிட்டால் பாதி விஷயம் போய்விடும். தேவாரத்தையே பாருங்கள். அதைப் பண்முறையாகவும் அடுக்கியிருக்கிறார்கள், தலமுறையாகவும் அடுக்கியிருக்கிறார்கள். சம்பந்தர் எங்கள் ஊருக்குப் பாடிய பதிகம் பண்முறையில் மூன்றாம் திருமுறையில், புறநீர்மைப் பண்ணோடு கிடக்கும். தலமுறையில் அதே பதிகம் திருக்கேதீச்சரத்தோடு சேர்ந்து ஈழநாட்டுத் தலமாக நிற்கும். பாட ஆசைப்படுகிறவர் ஒன்றை எடுப்பார், கும்பிடப் போகிறவர் மற்றதை எடுப்பார். ஒன்று இருக்கிறதே என்று மற்றதை யாரும் எறிந்துவிடவில்லை.

நமக்கும் அதுதான் வழி என்று நினைக்கிறேன். ஒரே அளவுகோலுக்காகச் சண்டை பிடிப்பதை விட, எந்த அளவுகோலால் வந்த பெயர் என்பது சொல்லின் கடைசித் துண்டைப் பார்த்தவுடனே தெரியும்படி செய்வோம். ஆங்கிலச் சொற்களில் அது தெரியாது. தமிழில் நாம் இப்போதுதான் ஆக்குகிறோம், அதனால் தெரியப்பண்ணலாம்.

கன்ரபரி என்ற உட்பிரிவில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் ஆகச் சிக்கலானது. பெயர் இங்கிலாந்தில் ஒரு ஊரின் பெயர். அறுபதுகளின் நடுவில் அங்கே வைல்ட் ஃபிளவர்ஸ் என்று ஒரு குழு இருந்தது. அதிலிருந்து பிரிந்தவர்கள்தான் சொஃப்ட் மெஷினும் கரவானும். அதுவரை சரி, ஊர்ப்பெயர் பொருந்துகிறது. ஆனால் சொஃப்ட் மெஷினைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவிட் அலன் அவுஸ்திரேலியர். 1967இல் அவரை மறுபடி இங்கிலாந்துக்குள் விடவில்லை, அவர் பாரிசில் நின்று கோங் என்ற குழுவை உண்டாக்கினார். அதையும் கன்ரபரி என்கிறார்கள். ஹற்ஃபீல்ட் அண்ட் த நோர்த் என்ற குழுவின் பெயர் லண்டனிலிருந்து வடக்கே போகிற வீதியில் நின்ற வழிகாட்டிப் பலகையில் இருந்து எடுத்தது. அவர்களையும் கன்ரபரி என்கிறார்கள். காரணம், ஆட்கள் ஒரு குழுவிலிருந்து மற்றதற்கு மாறி மாறி வாசித்தார்கள். ஜாஸ் பக்கம் சாய்ந்த ஒர்கன், மெதுவான குரல், வரிகளில் ஒரு குறும்பு, இந்தக் கைப்பழக்கம் அவர்களோடு கூடவே போனது.

இது எனக்கு உடனே வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகைகளை நினைவூட்டியது. பெயரில் திசை இருக்கிறது. ஆனால் மட்டக்களப்பில் இரண்டு கூத்தும் ஆடுவார்கள். வடமோடி ஆட வடக்கே போகவேண்டியதில்லை. உடுப்பு, பாட்டு, ஆட்டம் எல்லாவற்றிலும் உள்ள ஒரு செய்முறையைத்தான் அந்தத் திசைப்பெயர் குறிக்கிறது. ஊர்ப்பெயரில் தொடங்கி ஒரு செய்முறையில் போய் முடிகிற சொல் நம்மிடம் கிழக்கிலேயே இருக்கும்போது வேறு எங்கே தேடுவது? கன்ரபரி மோடி என்று எழுதுவோம். இத்தாலிக்காரருக்கு, அதாவது பிஎஃப்எம், பாங்கோ, லே ஓர்மே போன்றவர்களுக்கு, இத்தாலிய மோடி.

ஒலியை வைத்து வருகிற பெயர்களுக்கு வண்ணம். தொல்காப்பியர் 20 வண்ணம் சொல்லியிருக்கிறார், எல்லாம் ஓசை போகிற விதத்தைப் பற்றியது. சிம்பொனிக் வகைக்கு அண்ணா 'சிம்பொனி றொக்' என்று எழுதியிருந்தார். சிம்பொனி தனியான ஒரு வடிவம், நாலு பகுதி அளவில் எழுதுவது. யெஸ், ஜெனெசிஸ் போன்றவர்கள் அதை எழுதவில்லை. அவர்களுக்குப் பல வாத்தியம் சேர்ந்து ஒலிக்கிற அந்த நிறைவுதான் வேண்டியிருந்தது. நம்மிடம் பழைய சொல் 'பல்லியம்' இருக்கிறது. பல்லிய வண்ணம் என்றால் போதும்.

இந்த இடத்தில் மெலோட்ரன் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. கிங் கிரிம்சனின் 1969 முதல் இசைத்தட்டில் பெரிய தந்திவாத்தியக் கூட்டம் ஒன்று வாசிப்பது போலக் கேட்கும். அங்கே கூட்டமே இல்லை. மெலோட்ரன் ஹார்மோனியம் போலக் கட்டைகள் உள்ள பெட்டி. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு நாடாத் துண்டு, அதில் உண்மையான வயலினோ குழலோ பதிந்திருக்கும். அழுத்தினால் நாடா ஓடும், 8 விநாடி அளவில் முடிந்துவிடும், கையை எடுத்தால்தான் பழைய இடத்துக்குத் திரும்பும். அதனால் ஒரு சுரத்தை நீளப் பிடிக்க முடியாது, வாசிக்கிறவர் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அந்த ஒலியில் இருக்கிற லேசான நடுக்கமும் நாடாவினால் வருவதுதான். மாமாவின் கசெற்றில் கேட்கும்போது நாடாவுக்குள் இன்னொரு நாடா நடுங்குகிறது. போன மாரியில் ஈரம் பிடித்து வெள்ளையாகப் பூத்த நாடாவை நான் பஞ்சால் துடைத்துத் துடைத்துச் சுற்றினேன். அன்றைக்குத்தான் இந்த ஒலி எப்படி உண்டாகிறது என்பது எனக்கு விரல் நுனியில் விளங்கியது. பல்லியம் என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டு நிற்பது இதனால்தான். கூட்டம் இல்லாமலே பல இயம் கேட்கிறது.

ஆங்கிலத்தில் ஸ்பேஸ் றொக் என்கிற ஹோக்விண்ட் போன்றவர்களுக்கு விண்வெளி வண்ணம். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது.

'றொக் இன் ஒப்பசிஷன்' வேறு கதை. ஒரு தம்பி அதை 'எதிர்க்கட்சி றொக்' என்று எழுதியிருந்தார், அது வேண்டாம். 1978 மார்ச் 12 அன்று லண்டனில் ஹென்றி கவ் என்ற குழு, சுவீடன், இத்தாலி, பெல்ஜியம், பிரான்ஸ் ஆகிய நாடுகளிலிருந்து நாலு குழுக்களைக் கூட்டி ஒரே மேடையில் வாசித்தது. இசைத்தட்டு நிறுவனங்கள் உங்களைக் கேட்கவிடாத இசை இது என்பதே அவர்களின் அறிவிப்பு. அவர்களின் ஒலி ஒன்றுபோல இல்லை, நிலைப்பாடுதான் ஒன்று. அப்படியானால் அது எதிர்நிலை அணி. பிற்காலத்தில் இதே பெயரை ஒரு வகை முரட்டு ஒலிக்கும் சொல்லத் தொடங்கினார்கள். அந்த ஒலிக்கு நாம் முரண் வண்ணம் என்று வேறு சொல் வைத்தால், ஆங்கிலத்தில் ஒட்டிப்போனது தமிழில் பிரிந்து நிற்கும்.

மரில்லியன், ஐகியூ, பென்ட்ராகன் எல்லாம் எண்பதுகளில் வந்தவர்கள். மரில்லியனின் முதல் இசைத்தட்டு 1983. ஆங்கிலத்தில் உள்ள 'நியோ' என்பதை வைத்து 'புதிய' என்று பெயரிட்டால் இன்றைய பிள்ளைகளுக்குப் பொருந்தாது, அது அவர்களின் அப்பா அம்மா காலத்து இசை. இரண்டாம் அலை என்று காலத்தையே சொல்லிவிடலாம். மெற்றலை உலோகம் ஆக்கவேண்டாம், விரிநடை மெற்றல் போதும்.

மக்மா என்ற பிரெஞ்சுக் குழுவின் வகைக்கு ஸோல் என்று பெயர். அந்தச் சொல் அவர்களே பாட்டுக்காக உண்டாக்கிய மொழியில் உள்ளது. விண்ணுக்குரியது என்பது பொருள். எந்த நாட்டவரும் பேசாத மொழியின் சொல்லை மொழிபெயர்த்தால் அதன் உயிரே போய்விடும். ஸோல் அப்படியே இருக்கட்டும்.

ஜேர்மன்காரர் மிச்சம். ஆங்கிலப் பத்திரிகைகள் கொடுத்த 'கிரவுட்றொக்' என்ற பெயரில் ஜேர்மன்காரரைக் கோவாச்சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்கிற ஒரு பழிப்பு இருக்கிறது. ஃபவுஸ்ட் குழு 1973இல் அதையே ஒரு பாட்டுக்குத் தலைப்பாக வைத்தது, அது அவர்கள் உரிமை. நாம் அந்தப் பழிப்பைத் தமிழுக்குக் கொண்டுவரவேண்டியதில்லை. ஜேர்மன் மோடி என்று வைப்போமா? நொய் குழுவின் அந்த நிற்காமல் ஓடுகிற நாலடித் தாளத்துக்கு ஓடுதாளம்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி, திருகோணமலை

---

அண்ணாவின் பதிலுக்கு:

> தங்கச்சி, தேவார உதாரணத்துக்குப் பிறகு நான் ஒரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஆனால் உங்கள் விதியை நீங்களே மீறுகிறீர்கள். மோடி என்றால் செய்முறை ஒன்றாக இருக்கவேண்டும். நொய்யின் ஓடுதாளத்துக்கும், தாளமே இல்லாமல் மிதக்கிற டேன்ஜரின் டிரீமுக்கும் எது ஒன்று? அடுத்தது, சென்னையில் 'மோடி' என்றால் ஓர் ஆளின் பெயராகத்தான் காதில் விழும்.

முதல் குற்றச்சாட்டை ஒத்துக்கொள்கிறேன், அண்ணா. இரவு இரண்டு கசெற்றையும் மாறி மாறிப் போட்டுக் கேட்டேன், நீங்கள் சொன்னது சரி. டுஸெல்டோர்ஃபில் ஒன்று, பெர்லினில் ஒன்று, கொலோனில் கான், மியூனிக்கில் அமொன் டூல். ஒரே நாடு, ஒரே காலம், ஆனால் ஒருவர் கைப்பழக்கம் மற்றவரிடம் இல்லை. அமெரிக்க, ஆங்கில றொக்கைப் போல வாசிக்கக்கூடாது என்பதில் மட்டும் ஒன்றுபட்டார்கள். ஆகவே அது மோடி இல்லை. ஜேர்மன் களம் என்று மாற்றுகிறேன். கைப்பழக்கம் பொதுவாக இருந்தால் மோடி, இடமும் காலமும் மட்டும் பொதுவாக இருந்தால் களம். ஆங்கிலத்தில் கன்ரபரியைத்தான் களம் என்ற பொருளில் சொல்கிறார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. இத்தாலியையும் இந்தக் கேள்வியோடு மறுபடி கேட்கவேண்டும், அதனால் அந்தப் பெட்டியை இப்போதைக்கு அட்டை இல்லாமல் வைக்கிறேன்.

இரண்டாவதில் நான் இறங்கமாட்டேன். மோடி இங்கே தனியாக வராது, எப்போதும் முன்னால் ஓர் ஊர்ப்பெயரோடுதான் வரும். கூத்துக்காரர் பல தலைமுறையாகச் சொல்லிவந்த சொல்லை ஓர் ஆளின் பெயருக்காக விட்டுக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். மாமாவும் வகை பிரித்துத்தான் வைத்திருக்கிறார். ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் நீலப் பேனாவால் வாங்கிய துறைமுகத்தின் பெயரும் அன்றைய வானிலையும் எழுதியிருக்கிறார். சொஃப்ட் மெஷினின் மூன்றாவது இசைத்தட்டில் "றொட்டர்டாம், மழை" என்று இருக்கிறது. பிஎஃப்எம்மில் "ஜெனோவா, நல்ல வெயில்". அதுவும் ஒரு தலமுறை. அந்த எழுத்தின்மேல் நாங்கள் ஒட்டமாட்டோம். நம் அட்டை முன்பக்கத்தில் வரும்: மேல்வரியில் மோடி அல்லது களம், கீழ்வரியில் வண்ணம்.

அட்டைகளைச் சனிக்கிழமை பின்னேரம் வாசிகசாலைப் பிள்ளைகளோடு இருந்து எழுதப்போகிறேன். பல்லியம், முரண், ஓடுதாளம் இந்த மூன்றிலும் மறுப்பு உள்ளவர்கள் வெள்ளிக்கு முன் எழுதுங்கள். மையில் எழுதுகிறோம், பிறகு அழிக்க முடியாது.